கால்வாயை வலம் வருவோம்

(எளாவூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேசப் போவது வடசென்னையில் ஒரு நடையைப் பற்றி. பேசின் பிரிட்ஜில் தொடங்கி, புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம் என்று சுற்றி, மறுபடியும் பேசின் பிரிட்ஜிலேயே முடிகிற நடை. பட்டணத்துத் தெருக்களைப் பற்றிப் பேசப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு ஏன் வர வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு பொருளைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, என் உள்ளங்கையில் இருக்கிறது. கிளிஞ்சல். இன்று மதியம் சுண்ணாம்புக்குளம் பக்கம் கரையில் பொறுக்கினேன். உட்புறம் வழவழப்பாக இருக்கிறது, விளிம்பில் லேசாக ஊதா படர்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைக் காலால் எற்றிவிட்டுப் போவார்கள்.

இந்தக் கிளிஞ்சலில்தான் சென்னைப்பட்டணத்தின் பழைய சுவர்கள் நிற்கின்றன.

என் அம்மா இந்த ஏரிப் பக்கத்துப் பெண். என் அப்பா பெரம்பூரில் பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். ஏரியும் ஆலையும் எங்கள் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. மில்லில் சங்கு ஊதினால் எங்கள் தெருவே எழுந்திரிக்கும். கடிகாரம் இருந்த வீடுகளும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைச் சரிசெய்துகொள்ளும். அம்மா மட்டும் சங்குக்கு முன்பே எழுந்துவிடுவாள். "நாங்க காத்தைப் பார்த்து எழுந்திரிக்கிற ஊரு" என்பாள். அப்பாவின் ஊருக்கும் அம்மாவின் ஊருக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறது என்பது எனக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்தது. தெரிந்த பிறகு அதன் கரையை விட்டு என்னால் விலக முடியவில்லை.

அந்தப் பக்கிங்காம் கால்வாயின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஓர் உப்புநீர்க் கால்வாயை வெட்டத் தொடங்கினார். அப்போது அதற்குப் பெயர் காக்ரேன் கால்வாய். கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் சாலை என்று இன்றும் ஒரு சாலை இருக்கிறது; அந்தப் பெயரின் மிச்சம் அதுதான். 1837-இல் அரசு கால்வாயைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு படிப்படியாக வடக்கே நீட்டி, பழவேற்காட்டு ஏரியைத் தாண்டி ஆந்திரக் கரையோரமாகக் கொண்டுபோனார்கள். தெற்கே மரக்காணம் வரை போயிற்று. முடிவில் அது 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்வழி ஆயிற்று. கடல் பொங்கினால் இதுவும் பொங்கும், கடல் வற்றினால் இதுவும் வற்றும். ஆறுகள் குறுக்கிடுகிற இடங்களில் நீர்மட்டத்தைச் சமன்செய்ய இரட்டைக் கதவு வைத்த மதகுகள் கட்டினார்கள். அவற்றை எல்லோரும் லாக் என்றே சொன்னார்கள்.

அந்த நீர்வழியில் படகுகள் பாய் விரித்துப் போயின. காற்று இல்லாத நாளில் கழி ஊன்றித் தள்ளினார்கள். கழிக்கும் அடங்காத இடத்தில் ஆட்கள் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார்கள். அந்தப் படகுகளில் என்ன போயிற்று? சவுக்கு விறகு போயிற்று. பட்டணத்து அடுப்பு எரிந்தது அதில்தான். உப்பு போயிற்று, நெல் போயிற்று, கருவாடு போயிற்று. இந்த ஏரியில் வாரிய கிளிஞ்சல் படகு படகாகப் போயிற்று.

கிளிஞ்சல் சுண்ணாம்பாகிற விதத்தை இங்கிருக்கும் பாட்டிமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காளவாயில் கரியையும் கிளிஞ்சலையும் அடுக்கடுக்காகப் போட்டுச் சுடுவார்கள். வெந்து வெளுத்த கிளிஞ்சலின் மேல் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு உடைந்து பொடியாகும். அதுதான் நீற்றிய சுண்ணாம்பு. அதோடு மணலைச் சேர்த்து, மாடு கட்டிச் சுற்றும் கல் உருளையில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. பளிங்கு போல மின்னும் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு இதில் பிறந்ததுதான். இன்னொரு செய்தியும் சொல்கிறேன். 1904-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிமெண்ட் செய்து பார்த்தது சென்னையில். அதற்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டதும் கடற்கிளிஞ்சல்தான். அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஆனால் சிமெண்ட் வருவதற்கு முந்திய ஒரு நூறாண்டுச் சென்னையைத் தாங்கி நிற்பது உங்கள் ஏரி போன்ற உப்பங்கழிகளின் கிளிஞ்சல்.

இப்போது நடைக்கு வருகிறேன். எளாவூர் நிலையத்தில் காலை மின்ரயிலில் ஏறுங்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று வண்டி போகும். திருவொற்றியூருக்கு முன்னால் விம்கோ நகர் என்று ஒரு நிலையம் வரும். அது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். ஒரு காலத்தில் வடசென்னையின் ஊர்ப்பெயர்களையே தொழிற்சாலைகள் வைத்தன. வண்டி கொருக்குப்பேட்டையைத் தாண்டி பேசின் பிரிட்ஜில் நிற்கும். அங்கே இறங்குங்கள். நம் நடை அங்கிருந்துதான்.

பேசின் என்றால் படகுகள் ஒதுங்கி நின்று சரக்கு இறக்கும் நீர்த்தொட்டி. வடக்கிலிருந்து வந்த படகுகள் இங்கே நின்றன. பக்கத்திலேயே உப்புக் கிடங்குகள் இருந்தன. சால்ட் கொட்டார்ஸ் என்ற பெயரில் இருப்பது நம் கொட்டாரம் என்ற சொல்தான். அந்த இடம் பின்னாளில் ரயில்வே சரக்கு முனையம் ஆயிற்று. இதே கால்வாய் தெற்கே போகும் மயிலாப்பூரிலும் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்று ஒரு காய்கறிச் சந்தை இருக்கிறது. அங்கே இப்போது துறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. கால்வாயில் வந்த படகுகள் சரக்கு இறக்கிய இடம் என்பதற்குப் பெயர் மட்டுமே சாட்சி. பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் படகில் போன அனுபவத்தை 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாக எழுதினாரே, அவர் போனதும் இந்தக் கால்வாய் வழியேதான்.

பேசின் பிரிட்ஜ் பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கீழே பாருங்கள். தண்ணீர் தார் நிறத்தில் இருக்கும். நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாது. அடியிலிருந்து குமிழ்கள் ஏறி வந்து மேலே வெடிக்கும். ஒவ்வொரு குமிழும் அழுகலின் மூச்சு. கரையோரம் பிளாஸ்டிக் பையும் தெர்மாகோலும் மிதிக்கும் அளவுக்குக் கெட்டியாகப் படிந்திருக்கும். அதன் மேல் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். அந்தக் கொக்கைப் பார்க்கும்போதெல்லாம் என் அடிவயிறு கலங்கும். உங்கள் ஏரியில் அதே கொக்கு தெளிந்த நீரில் இறாலுக்காக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

பாலத்தை விட்டு இறங்கினால் பவர் ஹவுஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரியை எரித்துச் சென்னைக்கு வெளிச்சம் கொடுத்த இடம் இது. பழைய உலைகள் போய்விட்டன. இப்போது வாயுச் சுழலி நிலையம் இருக்கிறது. இங்கிருந்து புளியந்தோப்பு நெடுஞ்சாலையைப் பிடித்து வடமேற்கே நடக்க வேண்டும். இருபுறமும் இரும்புக் கடைகள், பழைய மரக்கடைகள், பட்டறைகள், சின்னச் சின்ன வீடுகள், ஆடுதொட்டி. வேர்வைக்குப் பிறந்த பேட்டை இது. இந்தத் தெருக்களைப் படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் இங்கே வாழ்கிற மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பது என் நடைக்கு வருகிறவர்களிடம் நான் வைக்கும் முதல் நிபந்தனை.

சிறிது தூரத்தில் ஓட்டேரி நல்லா குறுக்கே வரும். வில்லிவாக்கம் பக்கத்திலிருந்து அயனாவரம், ஓட்டேரி வழியாக வந்து பேசின் பிரிட்ஜுக்கு அருகே நம் கால்வாயில் சேர்கிற ஓடை. அதையொட்டித்தான் மில்கள் எழுந்தன. 1876-இல் பக்கிங்காம் மில். அடுத்த சில ஆண்டுகளில் கர்நாடிக் மில். 1920-இல் இரண்டும் ஒரே கம்பெனி ஆயின. பேப்பரில் பி அண்டு சி மில். ஊர் வாயில் பின்னி மில்லு. சாயம் போகாத காக்கித் துணிக்குப் பேர் போன மில் அது. ராணுவமும் போலீசும் உடுத்திய காக்கி இங்கே நெய்யப்பட்டது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஏறத்தாழ 10,000 பேர் அந்த வாசல்களில் நுழைந்து வெளியேறினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மில்லுக்கும் பக்கிங்காம், கால்வாய்க்கும் பக்கிங்காம். 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அது. அவர் காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை இந்த மண்ணில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகத்தான் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே இருந்த ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் இடைவெளியை வெட்டிக் கால்வாயை இணைத்தார்கள். 1877-இல் மாகாணத்தின் நிவாரண வேலைகளில் சில மாதங்கள் அரசு நிர்ணயித்த கூலி என்ன தெரியுமா? வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு வெயிலில் மண் சுமக்க வேண்டும். அரசாங்கத்தின் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷே அந்தக் கூலி மனிதனை உயிரோடு வைக்கப் போதாது என்று எதிர்த்தார். 1878-இல் கால்வாய்க்குப் பெயர் வைத்தபோது மண் சுமந்தவர்களின் பெயர் எதுவும் வைக்கப்படவில்லை. அதனால்தான் நான் இந்தக் கால்வாயை நடந்து வலம் வர வேண்டும் என்கிறேன். நினைவுக்கல் இல்லாதவர்களுக்கு நம் காலடி ஒன்றுதான் மரியாதை.

மில் சுவரை ஒட்டி நடக்கும்போது என் அப்பா காட்டிய ஒரு காட்சி நினைவுக்கு வரும். செங்கல் பெயர்ந்த இடத்தில் காரையை விரலால் சுரண்டி என் உள்ளங்கையில் கொட்டினார். மாவு மாதிரி வெள்ளைப்பொடி. அதற்குள் நகக்கண் அளவுக்கு வேகாத ஒரு கிளிஞ்சல் துண்டு. "உங்க அம்மா ஊருடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் மேலே சொன்ன வரலாறு எல்லாவற்றையும் அந்த மூன்று சொற்களுக்கு எழுதிய உரையாகவே நினைக்கிறேன்.

மில்லைச் சுற்றிக்கொண்டு பெரம்பூர் பேரக்ஸ் சாலைக்கு வந்தால், நாட்டின் வரலாற்றையே தொட்டுவிடுகிறோம். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த வட்டாரத்தில்தான். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் அது. அதைத் தொடங்கக் காரணமானவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்னும் இருவர். இந்த வட்டாரத்தில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பஜனைச் சபையை நடத்திவந்தவர்கள். சபைக்கு வந்த தொழிலாளர்கள் சாமி கதைக்கு நடுவே தங்கள் கஷ்டத்தையும் சொன்னார்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது, மேஸ்திரிகளின் கை நீளுகிறது என்றார்கள். அவ்விருவரும் பொதுவாழ்வில் இருந்த பி.பி.வாடியாவை அணுகினார்கள். வாடியா தலைவரானார். திரு.வி.க. தோள் கொடுத்தார். ஒரு பிடி சோற்றை நிதானமாக உண்ண வேண்டும் என்ற ஆசையிலிருந்து ஒரு தேசத்தின் தொழிற்சங்க இயக்கம் கிளம்பிற்று.

1920-இல் மில் நிர்வாகம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தடை உத்தரவும் பெற்றது. சங்கம் வைப்பதே குற்றம் என்பது போன்ற அந்த நிலைமை நாட்டையே உலுக்கியது. அதைத் தொடர்ந்த முயற்சிகளின் பலன்தான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகள் சங்கத்தில் உறுப்பினராக முடிகிறதென்றால், அந்த உரிமைக்கு வேர் இந்தச் சாலையில் இருக்கிறது.

பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் உங்களுக்கு உண்மையாக நடந்தவன் ஆகமாட்டேன். 1921-இல் மில்லில் நடந்த பெரிய வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. அடுப்பெரியாத வீடுகளில் முதலில் ஓய்ந்தவை மிக ஏழை வீடுகள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் பகை மூண்டது. இப்போது நாம் நடந்துவந்த புளியந்தோப்பில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. தறியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களைத் தெருவில் சாதி பிரித்துவைத்தது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா அன்று தம் மக்களுக்காகப் பேசியதை இன்று படித்தாலும், பசியின் பாரம் எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை என்ற உண்மை உறைக்கிறது. ஒற்றுமை வேண்டும் என்று மேடையில் முழங்குவது சுலபம். யார் வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போராட்டத்தைத் தொடங்குவதுதான் ஒற்றுமை.

மில் 1996-இல் மூடிற்று. சங்கு நின்றது. முதல் சில வாரம் எங்கள் தெருவில் எல்லோரும் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு அந்தப் பெரிய கூடங்களில் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. குடியிருக்க வருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் வீடு வேண்டும். அந்த வளாகத்தில் ஒரு சுவரையாவது, ஒரு வாசலையாவது பழைய கிளிஞ்சல் காரையோடு அப்படியே நிறுத்தி, இங்கே என்ன நடந்தது என்று தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இப்படிக் காத்துவைத்த ஊர் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரம் பஞ்சாலைகளுக்குப் பேர் போனது. 1761-இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் அந்த நகரத்துக்கு நிலக்கரியைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆலைகள் மூடிய பிறகு கால்வாய்த் துறைகள் இடிந்து, குப்பைமேடாகக் கிடந்தன. 1982-இல் அந்தத் துறைப் பகுதியான காசில்ஃபீல்டை நகர மரபுப் பூங்காவாக அறிவித்தார்கள். இப்போது கிடங்குகள் நிற்கின்றன, கரையில் நடைபாதை இருக்கிறது. அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் கரையில் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டுக் கரைக்குப் பூச்செடி வைப்பது மீட்பு ஆகாது. ஆனால் செத்த கால்வாய் பிழைக்கும் என்பதற்கு அது சாட்சி.

நடைக்குத் திரும்புவோம். பட்டாளத்திலிருந்து டிமெல்லோஸ் சாலை வழியாகக் கிழக்கே நடந்தால் மறுபடியும் பேசின் பிரிட்ஜ். வட்டம் முடிந்தது. நின்று, பார்த்து, டீக்கடையில் பெரியவர்களிடம் பேசி நடந்தால் ஒரு காலைப்பொழுது ஆகும். இப்போது அதே பாலத்தில் ஏறி அதே தண்ணீரை இன்னொரு முறை பாருங்கள். காலையில் அது வெறும் சாக்கடையாகத் தெரிந்தது. இப்போது அதில் உங்கள் விறகும் உப்பும் கிளிஞ்சலும், பஞ்சத்தில் மண் சுமந்தவர்களின் முதுகும் தெரியும். வலம் வருவதன் பலன் இதுதான். கோயிலை வலம் வந்து தொடங்கின இடத்தில் நிற்கிறவன், கிளம்பினபோது இருந்தவனாக இருப்பதில்லை.

அந்தக் கால்வாய் ஏன் செத்தது? 1899-இல் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் ரயில் பாதை இணைந்தது. சரக்கு வண்டியேறத் தொடங்கிற்று. பிறகு லாரி வந்தது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் மதகுகளையும் உடைத்தன. செப்பனிட ஆள் இல்லை. வேலை இல்லாத கால்வாயில் நகரம் தன் கழிவை விட்டது. பறக்கும் ரயிலுக்குத் தூண் ஊன்ற இடம் தேடியபோது கால்வாயின் நடுவிலேயே ஊன்றினார்கள். சில இடங்களில் அதன் அகலம் பாதிக்கும் கீழே போயிற்று. 2008-இல் இதையும் உள்ளடக்கித் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். அறிவிப்பில் படகு ஓடுகிறது, தண்ணீரில் ஓடவில்லை.

அப்படிக் கைவிடப்பட்ட நிலையிலும் அது நம்மைக் கைவிடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஏறிவந்தபோது, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் தொடங்கிச் சென்னை வரை பல இடங்களில் கடல் இந்தக் கால்வாயில் விழுந்து நிரம்பி, வேகம் தணிந்து திரும்பியது. கால்வாய்க்கு மேற்கே இருந்த எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன.

நாம் அதற்குச் செய்த கைம்மாறு என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் பரவி, எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது. படகும் வலையும் கறுத்தன. எண்ணூர்க் குப்பங்களின் மீனவர்கள் வாளியையும் முறத்தையும் வைத்து எண்ணெயை வழித்து எடுத்தார்கள். முன்பு இதே கால்வாயில் கரையூர்களிலிருந்து பட்டணத்துக்கு உணவும் விறகும் வீடு கட்டும் சுண்ணாம்பும் போயின. இப்போது பட்டணத்திலிருந்து கரையூர்களுக்குக் கழிவு வருகிறது. எண்ணூருக்கு வந்தது பழவேற்காட்டுக்கு வர எத்தனை தூரம்? தண்ணீர் ஒன்று. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உப்பங்கழி உங்கள் ஏரி. அதன் கதி கால்வாயின் கதியோடு பிணைந்திருக்கிறது.

இந்த இடத்தில் நான் உங்களிடமிருந்து கற்றதைச் சொல்ல வேண்டும். இந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்தக் குடும்பத்து வலை எந்த நாளில் எந்த இடத்தில் இறங்கும் என்று ஊர் கூடி முறை வைக்கிறது. நல்ல இடம் ஒருவனுக்கே போகாது. இன்று எனக்கு, நாளை உனக்கு. தன் முறையில் ஒருவன் தண்ணீரைக் கெடுத்தால் அது அடுத்தவன் முறையைத் திருடுவதாகும். தலைமுறை தலைமுறையாக எழுத்தில் இல்லாமலே காப்பாற்றிவந்த சட்டம் இது. ஆராய்ச்சியாளர்கள் வந்து படித்துவிட்டுப் போகிற சட்டம். பாடு முறைக்கு வெளியே நிற்கிறவர்களும் இந்த ஏரியில் உண்டு. சேற்றில் கைவிட்டு இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் முறை கிடைத்தால்தான் பாடு முழுமையாகும். புளியந்தோப்பில் நேர்ந்தது ஏரியில் நேரக் கூடாது.

நகரத்துக்கு இல்லாதது இந்தப் பாடுதான். பொறியாளர் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், திட்ட அறிக்கைகளும் நிறைய இருக்கின்றன. கீழே இருப்பவன் முறையைக் கெடுக்கக் கூடாது என்ற ஒரு நினைப்பு மட்டும் இல்லை. ஓட்டேரியில் கொட்டுகிறவன் கால்வாயை நினைப்பதில்லை. கால்வாயில் திறந்துவிடுகிறவன் எண்ணூரை நினைப்பதில்லை. பக்கிங்காம் கால்வாய்க்கு ஒரு பாடு வேண்டும். அதில் பேசுகிற உரிமை பட்டணத்து அதிகாரிகளுக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு இந்த ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் உண்டு. அந்த நகரத்தின் சுவரில் உங்கள் கிளிஞ்சல் இருக்கிறது. நீங்கள் அங்கே விருந்தாளி அல்ல, பங்காளி.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போது பொருட்காட்சிக்கும் பூங்காவுக்கும் நடுவே ஒரு காலைப்பொழுதை இந்த நடைக்கு ஒதுக்குங்கள். குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கால்வாயில் படகு ஓடியதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் எழுதிவைக்கட்டும். எந்த இடத்தில் படகு நின்றது, யார் சரக்கு ஏற்றினார்கள், ஒரு படகு கிளிஞ்சலுக்கு என்ன கூலி என்று எழுதிவைக்கட்டும். பட்டணத்திலிருந்து என்னோடு நடக்க வருகிறவர்களுக்கும் இனி ஒரு நிபந்தனை சேர்க்கப் போகிறேன். வடசென்னையில் வட்டத்தை முடித்த பிறகு அவர்கள் ரயிலேறி எளாவூர் வந்து, நீங்கள் வலை இறக்குவதைப் பார்க்க வேண்டும். பாதி வழி நீங்கள் வாருங்கள். பாதி வழி அவர்கள் வரட்டும்.

இந்தக் கிளிஞ்சலை நான் எடுத்துப்போகவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ பேசின் பிரிட்ஜுக்கு வரும்போது இதைக் கையில் கொண்டு வா, அம்மா. மில் சுவரில் இதன் இணையை உனக்குக் காட்டுகிறேன்.